தெரசா ஹாரிஸை முதலில் எந்தப் படத்தில் பார்த்தீர்கள்?

பழைய ஹாலிவுட் படங்கள் பார்க்கிறவர்களுக்கு ஹாட்டி மெக்டேனியலைத் தெரியும். 1940-இல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். நடிகை டோரத்தி டான்ட்ரிட்ஜையும் தெரியும். அதே காலத்துக் கறுப்பின நடிகை தெரசா ஹாரிஸ் என்று சொன்னால்தான் யோசிப்பார்கள். படத்தைக் காட்டினால் "அட, இவரா!" என்பார்கள். அந்த "இவரா" உங்களுக்கு எந்தப் படத்தில் வந்தது என்று கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன். ஒவ்வொருவராகக் கீழே எழுதுங்கள்.

எனக்கு 'பேபி ஃபேஸ்' (1933). பார்பரா ஸ்டான்விக்குக்காகத்தான் போட்டேன். ஈரி நகரத்தில் அப்பா நடத்தும் கள்ளச் சாராயக் கடையில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அதில் சிக்கோவாக வருபவர் ஹாரிஸ். சிக்கோவை வேலையை விட்டு விரட்டப் பார்க்கிறார் அப்பா. அவள் போனால் நானும் போகிறேன் என்கிறாள் மகளாக வரும் ஸ்டான்விக். பிறகு இருவரும் சரக்கு ரயிலில் தொற்றி நியூயார்க் போகிறார்கள். ஸ்டான்விக் ஆண்களைப் படியாக்கி மேலே ஏறுகிறாள். வசதி வந்தபின் ஒருவன், அந்தப் பெண்ணை அனுப்பிவிடு என்கிறான். சிக்கோ இருப்பாள் என்று அவள் முடித்துவிடுகிறாள். காதலர்கள் எல்லாரும் மாறிக்கொண்டே இருக்கும் படத்தில் மாறாத உறவு இது ஒன்றுதான். தணிக்கைக்கு முந்தைய பிரதி 2004-இல் கிடைத்தது. பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள்.

*

எனக்கு 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947). ராபர்ட் மிட்சம் துப்பறிகிறவர். ஓடிப்போன ஜேன் கிரீரைத் தேடி, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் ஒரு கேளிக்கை விடுதிக்கு வருகிறார். அங்கே அவளிடம் முன்பு வேலை பார்த்த யூனிஸ், நல்ல உடையில், தன் துணையோடு உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் ஹாரிஸ். சுற்றிலும் கறுப்பின மக்கள். அங்கே வெளியாள் மிட்சம்தான், அதனால் அவர் கொஞ்சம் பணிவாகவே பேசுகிறார். அவள் ஃபுளோரிடா போய்விட்டாள் என்கிறாள் யூனிஸ். கூடவே தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை விழுகிறது. ஃபுளோரிடாவுக்கு எதற்குத் தடுப்பூசி? மெக்சிகோ என்று பிடித்துக்கொள்கிறார் மிட்சம். கதை முழுவதும் அங்கிருந்துதான் நகர்கிறது. ஆனால் டைட்டிலில் ஹாரிஸ் பெயர் இல்லை!

*

மேலே சொன்ன படத்தின் இயக்குநர் ஜாக் டூர்னர். அவர் படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கு ஹாரிஸ் சிக்கினார். 'கேட் பீப்பிள்' (1942) படத்தில் உணவகத்தில் பரிமாறுகிறவராக வந்து, கம்போ சூப் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கும் பெயர் போடவில்லை. அடுத்த வருடம் 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி'யில் கரீபியத் தீவு வீட்டுப் பணிப்பெண் ஆல்மா. தூங்கும் செவிலியின் கால் விரலைத் தொட்டு எழுப்புகிறார். ஏன் காலைத் தொட்டாய் என்றால், திடுக்கிடக் கூடாது என்று இதயத்திலிருந்து தள்ளியிருக்கும் இடத்தைத் தொட்டேன் என்கிறார். பேய்ப் படத்தில் பயப்பட உட்கார்ந்த நான் அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

*

எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள், சரி. ஆனால் சிக்கோவும் நியூயார்க் போனபின் வீட்டு வேலைதானே செய்கிறாள்? தோழி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஸ்டுடியோவுக்கு அவள் வேலைக்காரி.

நான் பார்த்தது 'ஜெசபெல்' (1938). 1850-களின் நியூ ஆர்லியன்ஸ். பெட் டேவிஸின் அடிமைப் பெண் ஸெட்டாக ஹாரிஸ். அந்தப் படம் டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. ஹாரிஸ் அதில் கண்ணை விரித்து, துள்ளி, ஏவின வேலையைச் செய்கிறார். என்னால் ரசிக்க முடியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததே அவ்வளவுதான்.

*

நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் 1933-க்கும் 1938-க்கும் நடுவில் ஒன்று நடந்தது. 1934-இன் நடுவில், படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற தயாரிப்பு விதிகளைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு கிடைத்த கொஞ்சநஞ்ச இடமும் பிறகு சுருங்கியது. நான் அந்த 1933-ஆம் வருடப் படங்களைத் தேடித்தான் பார்த்தேன். 'ஹோல்ட் யுவர் மேன்' படத்தில் சீர்திருத்தச் சிறையில் ஜீன் ஹார்லோவோடு இருக்கும் கைதியாக ஹாரிஸ், ஒரு பாதிரியாரின் மகள். அந்தக் கறுப்பினப் பாதிரியார்தான் ஹார்லோவுக்கும் கிளார்க் கேபிளுக்கும் திருமணம் செய்து வைக்கிறார். 'ப்ரொஃபஷனல் ஸ்வீட்ஹார்ட்'டில் ஜிஞ்சர் ரோஜர்ஸின் பணிப்பெண்ணாக வந்து, கடைசியில் அவருக்குப் பதிலாக வானொலியில் பாடி அசத்துகிறார். அவர் பாடகியாகத்தான் திரைக்கே வந்தார்: இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க்கின் 'தண்டர்போல்ட்' (1929), விடுதியில் ஒரு பாட்டு.

இன்னொன்று. ஹாலிவுட்டில் வேலைக்காரி வேடத்தைத் தாண்ட வாய்ப்பே இல்லை என்று அந்தக் காலத்திலேயே பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். கறுப்பினப் பார்வையாளர்களுக்காக எடுத்த 'பார்கெய்ன் வித் புல்லட்ஸ்' (1937) படத்தில் ரால்ஃப் கூப்பருக்கு ஜோடியாக முக்கிய வேடம் கிடைத்த நேரம் அது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஸ்டுடியோக்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

*

யாரும் 'பக் பென்னி ரைட்ஸ் அகெய்ன்' (1940) சொல்லவில்லையே! நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் படம். கதையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எடி ஆண்டர்சனும் ஹாரிஸும் சேர்ந்து பாடி ஆடும் 'மை மை' ஒன்று போதும். கரகர குரலில் அவர் கொஞ்ச, இவர் பிகு பண்ண, அப்புறம் இருவரும் ஆட்டத்தில் இறங்க, அந்தச் சில நிமிடங்களுக்கு இவர்தான் கதாநாயகி. என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார். "இவளுக்கு வேற படம் இருக்கா?" என்று கேட்டார். சிக்கோவைப் போட்டுக் காட்டினேன். இப்போது யூனிஸ் வரிசையில் இருக்கிறாள். மிட்சம் தூங்கி வழிகிற முகமாக இருக்கிறார் என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.