கடைமடையா, கொள்முனையா? வளரும் பயறு விதைக்கு ஒரு சொல்

> சத்தை அனுப்பும் இலையைத் ‘தலைமடை’ என்றும் வாங்கும் விதையைக் ‘கடைமடை’ என்றும் சொல்லலாமே.

ஐயா, வணக்கம்.

செடியில் சத்தைத் தரும் இடம் (source), வாங்கும் இடம் (sink) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். உங்கள் சொற்களில் கடைமடைதான் இடிக்கிறது. மேல்வயல் குடித்தது போக மிச்சம் வந்து சேரும் இடம் அது. தானாக எதையும் இழுக்காது. பயறு விதை இழுக்கும்.

இலையிலிருந்து சத்தைக் கொண்டுவரும் குழாய்த் திசுவான புளோயம் விதையுறையோடு நின்றுவிடுகிறது. கருவுக்குள் ஒரு குழாய்கூடப் போவதில்லை. சுக்ரோஸையும் அமினோ அமிலங்களையும் உறை தனக்கும் வித்திலைக்கும் (கருவில் சத்தைச் சேமிக்கும் பருப்புப் பகுதி) நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் இறக்குகிறது. அங்கிருந்து வித்திலையின் மேல்தோல் செல்கள் ஆற்றல் செலவழித்து உள்ளே வாங்குகின்றன. பட்டாணியில் இந்தச் செல்களின் சுவர் உட்புறமாக மடிந்து மடிந்து வாங்கும் பரப்பைக் கூட்டிக்கொள்கிறது.

ஆகவே ‘இறக்கல்’ வேறு, ‘உள்வாங்கல்’ வேறு. சோதனையிலும் பிரித்துப் பார்க்கலாம். காய் செடியில் இருக்கும்போதே அதன் தோலில் சிறு சன்னல் வெட்டி, விதையில் காம்பு ஒட்டாத பாதியை அறுத்து, கருவை எடுத்துவிட்டு, வெற்றுறையில் கரைசல் நிரப்பினால் உறை பல மணி நேரம் சத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றினால் கெட்டது: உறைச் செல்கள் நீர் குடித்துப் புடைத்து, புளோயம் வழி வரத்து குறைந்துவிடும். கரைசலில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலை 400 மில்லிமோலார் அளவில் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான்.

வித்திலையின் செல் எண்ணிக்கை ஆரம்பத்திலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது நிழல் விழுந்து சர்க்கரை வரத்து குறைந்தால் செல்களும் குறையும். பிறகு வெயில் கிடைத்தாலும் வளர்வேகம் முழுதாக மீளாது. மணி பிடிக்கும்போது குறைந்தால் செல்கள் இருக்கும், நிரம்பாது, விதை சூம்பும். கொள்ளளவு, வேகம் இரண்டையும் நம் சொல் தாங்க வேண்டும்.

‘ஊட்டுமுனை’, ‘கொள்முனை’ என்று வைக்கலாம். தருவது ஊட்டுமுனை, வாங்குவது கொள்முனை. மின்முனையின் நேர், எதிர் போல இவையும் மாறும். காய்த்தோல் முதலில் கொள்முனை. பிற்பாடு தன் நைட்ரஜனையே விதைக்குக் கொடுக்கும் ஊட்டுமுனை.

> ‘ஊட்டுமுனை’, ‘கொள்முனை’ என்று வைக்கலாம்.

ஏற்கிறேன். ‘கொள்முனை வலு’ (sink strength) என்றும் நீட்ட வசதி. இன்னும் ஒன்று பாக்கி. மணி பிடிக்கும் காலத்தில் வேர்முடிச்சு தரும் நைட்ரஜன் போதாமல், இலையின் புரதமே சிதைந்து விதைக்குப் போகிறது. சோயா இலை மஞ்சளாகி உதிர்வதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இப்படி இலையிலிருந்து சத்து விதைக்குப் போவதை ‘மறுபங்கீடு’ என்றால் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்ததுபோல் தொனிக்கும். ‘மீள்பெயர்வு’ என்கிறேன். இலை இழப்பது அதில் தெரிகிறதா, பாருங்கள்.