பாரோஸ் தீவில் சாப்பிட்ட சுட்ட ஆக்டோபஸ்

கிரீஸ் போய் வந்தவர்களில் சிலர் ஆக்டோபஸ் என்றாலே "ரப்பர்" என்று முகம் சுளிக்கிறார்கள். பக்குவம் தெரிந்தவர் சுட்டதைச் சாப்பிட்டால் அப்படிச் சொல்ல மனசே வராது.

நான் சாப்பிட்டது பாரோஸ் தீவின் நௌசா துறைமுகத்தில். படகுகளை ஒட்டியே மேசைகள். கடை வாசலில் கயிறு கட்டி ஆக்டோபஸ்களை வெயிலில் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அழகுக்காகச் செய்வதல்ல. ஈரம் வற்றினால்தான் கரி நெருப்பில் வைத்ததும் மேல்தோல் முறுகும், ருசியும் திரளும். பிடித்ததும் பாறையில் ஓங்கி அடித்து, நுரை வரும்வரை தேய்ப்பது அங்கத்திய மீனவர்களின் பழைய வழக்கம். சதை இளகுவது அதில்தான்.

தட்டில் ஒரே ஒரு கால் வந்தது. உறிஞ்சிகளின் விளிம்பு கருகி மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே வெள்ளைச் சதை. மேலே ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, காய்ந்த ஓரிகானோ, அவ்வளவுதான். கூடவே ஊஸோ என்ற சோம்பு வாசமுள்ள கிரேக்க மது, தண்ணீர் ஊற்றியதும் பால் போல வெளுத்தது. வெயிலில் காய்ந்ததை வேகவைக்காமல் நேரடியாகச் சுடுவதால் கொஞ்சம் மெல்லத்தான் வேண்டும். மெல்ல மெல்லக் கடல் ருசி இறங்கும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் செய்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. உறையவைத்த ஆக்டோபஸே வாங்குங்கள், தயக்கம் வேண்டாம். உறையும்போது உருவாகும் பனித்துகள்கள் தசைநாரைக் கிழித்து, அடிக்கிற வேலையை மிச்சப்படுத்துகின்றன. நன்றாக உருகியதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல், மூடி போட்டுச் சிறு தீயில் வையுங்கள். அதுவே செந்நிறச் சாறு விடும், அதிலேயே வேகும். ஒரு கிலோவுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல், காலின் தடித்த பகுதியில் கத்தியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். அப்புறம் ஆறவைத்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, தணல் நன்றாகச் சிவந்திருக்கும்போது பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் சுட்டால் போதும். மிருதுவாவது பானையிலேயே முடிந்துவிடும். நெருப்பு தருவது கருகல் வாசம் மட்டும்தான்.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், ஆக்டோபஸிலேயே உப்பு இருக்கும். பானையில் மிஞ்சிய சாற்றைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். கிரேக்க வீடுகளில் அதில் தக்காளி சேர்த்துக் குட்டி மக்ரோனி வேகவைப்பார்கள். சுட்டதற்கு ஈடான ருசி அது.