கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பையனை வளர்ப்பது எப்படி?

கேள்வி (கோபியிலிருந்து ஓர் அத்தை):

வணக்கம். மறைந்த என் தம்பியின் மகனை நான்தான் வளர்க்கிறேன், வயது ஒன்பது. அவனைச் சுமந்த காலத்தில் தாய்க்குக் குடிப்பழக்கம் இருந்ததைக் கேட்டறிந்த குழந்தைநல மருத்துவர், மேலுதடு மெலிந்திருப்பதையும், மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலான பள்ளம் மழுங்கியிருப்பதையும் பார்த்து, ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்’ என்று எழுதியிருக்கிறார். பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் சொசைட்டியில் பாலை ஊற்றி, அட்டையில் எழுதி வாங்கி, வரும் வழியில் தவிட்டுக்குச் சொல்லிவிட்டு வா என்றால், பாலை ஊற்றியதோடு கேனையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறான். அடித்தால் அழுகிறான், மறுநாளும் அப்படியேதான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இதற்கு மருந்து உண்டா? பள்ளியில் என்ன கேட்கலாம்?

பதில் 1 (சிறப்பாசிரியர், பல்லடம்):

அம்மா, இது கருவிலேயே மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு. குணப்படுத்தும் மருந்து இல்லை. கவனச்சிதறல் போன்ற தொல்லைகளுக்கு மட்டும் மருத்துவர் மருந்து தரக்கூடும். நேற்றைய அடியையும் இன்றைய செயலையும் சேர்த்துப் பார்க்கும் திறனே இவர்களுக்குக் குறைவு என்பதால், அடி எதையும் கற்றுத் தராது. நன்றாகப் பேசுகிறானே, புரிந்திருக்கும் என்று எல்லோரும் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கேன் மூடியிலேயே அட்டையின் படத்தை ஒட்டி, அட்டையைக் கேனோடு கட்டிவிடுங்கள். தவிட்டை நீங்களே சொல்லிக்கொள்ளலாம். குளியல், சாப்பாடு, படிப்பு எல்லாம் தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும். பள்ளியில் முன்வரிசை இடமும், வீட்டுப்பாடத்தை ஆசிரியரே டைரியில் எழுதித் தருவதும் கேளுங்கள். தறிச் சத்தம் கேட்கும் வீடாக இருந்தால், படிக்க அமைதியான மூலை ஒன்று வேண்டும். இரைச்சலில் இவர்கள் சீக்கிரம் நிலைகுலைந்துவிடுவார்கள்.

பதில் 2 (ஒரு தந்தை, பெருந்துறை):

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் இந்தப் பெயர் கிடையாது. அறிவுசார் குறைபாடு அல்லது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருப்பதாக மதிப்பீட்டில் தெரிந்தால், அதன்பேரில்தான் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையும் கிடைக்கும். நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) 70க்கு மேல் வந்துவிட்டால் முதல் வகை பெரும்பாலும் கைகூடாது. ஆகவே கற்றல் திறனையும், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போகும்போது மருத்துவர் எழுதிய சீட்டை மறக்காதீர்கள்.

பதில் 3 (ஓய்வுபெற்ற செவிலியர், பொள்ளாச்சி):

தாயைப் பற்றியும் ஒரு சொல். கருவுற்றதே தெரியாத முதல் வாரங்களில் குடித்தவர்களும் உண்டு. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பையனின் தாய் உயிரோடு இருக்கிறார் என்றால், பையன் காதுபட அவரைத் திட்டுவதைச் சொந்தக்காரர்கள் நிறுத்தட்டும். இன்னமும் குடிக்கிறார் என்றால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். பல நாள் குடித்தவர் வீட்டில் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

கோபி அத்தை:

நன்றி. தாய் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறாள். இந்த ஞாயிறன்று போய்ப் பார்க்கிறேன். மூடியில் படம் ஒட்டியாகிவிட்டது.