மறு: போர்ட் ஃபார்வர்டிங்: 'துறைச்சேர்ப்பு' சரிவருமா?

வணக்கம்.

கையேட்டில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. போர்ட், அதாவது துறை, என்பது வரும் இணைப்பு எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண். முன்வைக்கப்பட்ட சொற்களில் 'துறை முன்னனுப்பல்' எனக்கு ஒட்டவில்லை. இங்கே எதுவும் முன்னே போவதில்லை. வீட்டுக்கு வெளியுலகில் ஒரே முகவரி, உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகளோடு கணினி, போன், கேமரா எனப் பல. வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பு இவற்றில் யாருக்கு என்று ரவுட்டருக்கு (வீட்டின் இணையப் பெட்டிக்கு) தெரியாது, கைவிட்டுவிடும். 'துறை 554-இல் வந்தால் 192.168.1.20-இல் உள்ள கேமரா பெட்டிக்குக் கொடு' என்று நாம் ஒரு விதி எழுதி வைக்கிறோம். அவ்வளவுதான்.

'துறைக்கடத்தல்' இலக்கணப்படி குறையில்லாதது. கடத்தி, கடத்துதிறன் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. ஆனால் பாம்பன், மண்டபம் பக்கம் கடத்தல் என்றால் கடல் அட்டைதான் நினைவுக்கு வரும். 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை. கேமரா மாட்ட வந்த பையன் ஒரு படகுக்காரரிடம், "அண்ணே, உங்க வீட்டுல துறைக்கடத்தல் பண்ணி வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும்!

'துறை மாற்றம்' அமைச்சர்களுக்கு நடப்பது. 'ஆற்றுப்படுத்தல்' அழகுதான். ஆனால் வழி காட்டுவது ரவுட்டிங்கின் (தரவுக்குப் பாதை தேர்வதன்) வேலை; இலங்கையில் 'ஆற்றுப்படுத்தல்' உளவள ஆலோசனைக்கும் போய்விட்டது.

'துறை' என்றாலே அரசுத் துறை என்ற குழப்பம் வரும் என்கிறார்கள். எண்ணோடு சேர்ந்து வரும்போது வராது. 'துறை 443' என்ற பெயரில் எந்த அலுவலகமும் இல்லை. படகு அணையும் இடமும் துறைதானே, இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதனால் என் பரிந்துரை 'துறைச்சேர்ப்பு'. துறைக்கு வந்ததை உரியவரிடம் கொண்டு சேர்ப்பது. வினையாகவும் வளையும்: 'துறை 554-ஐக் கேமரா பெட்டிக்குச் சேர்ப்பி.' பழந்தமிழில் சேர்ப்பு என்றால் கடற்கரை. நெய்தல் தலைவனுக்குத் துறைவன், சேர்ப்பன் இரண்டும் பெயர். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை பொருந்துகிற பெயர்கள். இது கொசுறு, இதற்காக யாரும் ஏற்க வேண்டாம்.

கையேட்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

'முதலில் கேமரா பெட்டியின் உள்முகவரியை நிலையாக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு அது வேறு முகவரி வாங்கிக்கொள்ளலாம். பிறகு துறைச்சேர்ப்பு விதி இருந்தும் படம் வராது.'

'ரவுட்டர் தன் வெளிமுகவரியாகக் காட்டுவது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. அங்கே துறைச்சேர்ப்பு பலிக்காது. தனிப் பொதுமுகவரி கேட்டு வாங்க வேண்டும்.'

'பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் துறைச்சேர்ப்பு செய்யாதீர்கள். 2016-இல் மிராய் நச்சுநிரல் அப்படி விடப்பட்ட கேமராக்களைத்தான் தேடிப் பிடித்தது.'

தடுக்காமல் வாசிக்க முடிகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ரவுட்டரின் பின்னால் கம்பி செருகும் ஓட்டையையும் துறை என்று எழுதாதீர்கள். அது 'செருகுவாய்' என்றே இருக்கட்டும்.

அப்புறம், போர்ட் ட்ரிக்கரிங் பாக்கி இருக்கிறது. உள்ளே இருக்கும் கருவி ஒரு குறிப்பிட்ட துறை வழியாக வெளியே பேசினால் மட்டும் உள்வழி தற்காலிகமாகத் திறக்கிற ஏற்பாடு அது. 'தூண்டு சேர்ப்பு' என்றால் மீன் தூண்டிலாகக் கேட்கிறது. வேறு இருந்தால் சொல்லுங்கள்.