ரோமில் ராஜாவை விரட்டியதும் ஏழைக்கு என்ன கிடைத்தது?

தட்டோன் வாத்தியார்:
வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், எழுத்தும் வாசிப்பும் முடிந்த பிறகு கடைசி அரைமணி நேரம் ஏதாவது ஒரு கதை. போன வாரம் ரோம். ஓநாயிடம் பால் குடித்த இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ், கி.மு. 753இல் ரோமுலஸ் ஊரைக் கட்டியது, அவனோடு சேர்த்து ஏழு ராஜாக்கள், கடைசி ராஜா டார்க்வினின் மகன் லுக்ரீஷியாவுக்குச் செய்த கொடுமை, அவள் உயிரை விட்டது, ஊரே பொங்கி எழுந்து கி.மு. 509இல் ராஜாவைத் துரத்தியது என்று சொல்லிக்கொண்டே போய், "அன்றிலிருந்து ரோமில் மக்களாட்சி" என்று முடித்துவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு படிக்கிறவள், எழுந்து "ராஜா போனார், சரி. அப்புறம் ஏழைக்கு என்ன கிடைத்தது சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஏழு ராஜா கதையில் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிய வேண்டும், அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் தெரிய வேண்டும். படித்தவர்கள் சொல்லுங்கள்.

பெகு அக்கா:
வாத்தியாரே, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். 753இல் 509ஐக் கழித்தால் 244 வருடம். அதை ஏழு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 35 வருடம் வருகிறது. அந்தக் கதைப்படியே அதில் இரண்டு பேர் கொலையானவர்கள், ஒருவர் மின்னல் தாக்கிச் செத்தவர், ஒருவர் துரத்தப்பட்டவர். அப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொருவரும் சராசரியாக 35 வருடம் ஆண்டார்கள் என்பது நடக்கக்கூடியதாகவே தெரியவில்லை. ரோமர்களில் முதலில் சரித்திரம் எழுதிய ஃபேபியஸ் பிக்டர் கி.மு. 200ஐ ஒட்டி எழுதியவர், அதாவது ராஜாவைத் துரத்தி 300 வருடம் ஆன பிறகு. நமக்கு இந்தக் கதைகளை விரிவாகத் தருகிற லிவி அவருக்கும் இரண்டு நூற்றாண்டு பிந்தியவர். நடுவில் கி.மு. 390 வாக்கில் கால் (Gaul) என்ற இனத்தார் ஊருக்குள் புகுந்து கொளுத்தியதில் பழைய பதிவுகள் பெரும்பாலும் அழிந்தன என்று லிவியே எழுதியிருக்கிறார்.

அதனால் எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. பாலடைன் குன்றில் தோண்டியபோது கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் குடிசைகளின் கம்பம் நட்ட குழிகள் கிடைத்தன. பிற்காலத்தில் ஃபோரம் என்று பேர் வாங்கிய இடம் முதலில் சதுப்பு நிலம், ஓரத்தில் சுடுகாடு. 7ஆம் நூற்றாண்டில்தான் அதைத் தூர்த்து, தண்ணீரை வடித்து, பொது மைதானமாக ஆக்கினார்கள். தனித்தனிக் குன்றுகளில் இருந்த குடிசைக் கூட்டங்கள் ஒரே ஊராகச் சேர்ந்தது அந்தச் சதுப்பு காய்ந்தபோதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஃபோரத்திலேயே 1899இல் ஒரு கறுப்புக் கல்தளத்துக்கு அடியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, அதில் 'ராஜாவுக்கு' என்ற சொல் பழைய லத்தீனில் இருக்கிறது. ராஜாக்கள் இருந்தது நிச்சயம், பேரும் வருடமும்தான் சந்தேகம்.

அந்த இடத்தில் ஏன் ஊர் வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டைபர் ஆற்றின் நடுவே ஒரு தீவு, அதை ஒட்டி ஆற்றைக் கடப்பது சுலபம். கடற்கரை உப்பு உள்நாட்டுக்குப் போன பாதையும் அந்த வழிதான். வடக்கே எட்ரஸ்கன்கள், மலைப்பக்கம் சபைன்கள், தெற்கே லத்தீன்கள், எல்லோரும் வந்து கலந்த துறை அது. நூமா என்ற ராஜா சபைன் ஆள், மூத்த டார்க்வின் எட்ரஸ்கன் ஊரிலிருந்து பிழைக்க வந்தவர், அவருடைய அப்பா கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்துக்காரர் என்று அவர்கள் கதையே சொல்கிறது. ராஜா மகன்தான் ராஜா என்ற வழக்கமும் இல்லை. ராஜா செத்தால் செனட் என்ற பெரிய குடும்பத்துத் தலைவர்கள் சபை இடைக்கால ஆள் ஒருவரை வைத்துப் புதிய ராஜாவைத் தேடியது. எங்கிருந்தோ வந்தவர்கள் சேர்ந்து கட்டிய ஊர் என்பதை ரோமர்கள் மறைக்கவே இல்லை, எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

மௌல்மீன்காரன்:
அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

509இல் ஏழைக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ராஜாவிடம் இருந்த அதிகாரத்தை அப்படியே எடுத்து, வருடத்துக்கு இரண்டு கான்சல்கள் என்று பிரித்துக்கொண்டார்கள், ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பதவிகள் சீக்கிரத்திலேயே பட்ரீசியர் என்ற பழைய குடும்பங்களின் கைக்குள் அடங்கிவிட்டன. மற்றவர்கள் எல்லோரும் பிளெபியர். ஓட்டு இருந்ததே என்று கேட்பார்கள். இருந்தது. சர்வியஸ் டுல்லியஸ் என்ற ராஜா ஏற்படுத்தியதாகச் சொல்லும் சபையில் மொத்தம் 193 பிரிவு, பிரிவுக்கு ஒரு ஓட்டு. குதிரைப்படைக்காரர்களுக்கு 18, சொத்தில் முதல் வகுப்பாருக்கு 80, இரண்டையும் கூட்டினாலே 98, பாதிக்கு மேல் ஆகிவிட்டது. பணக்காரர்கள் முதலில் ஓட்டுப்போடுவார்கள், பெரும்பான்மை வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள். நிலமில்லாத அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒரு பிரிவு, அதுவும் கடைசியில்.

உண்மையான வலி கடன். சண்டைக்குப் போனவன் திரும்பி வந்தால் வயல் தரிசாகக் கிடக்கும், விதைக்குக் கடன் வாங்குவான், அடமானம் அவன் உடம்பு. கி.மு. 451, 450இல் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இருப்பதைப் பாருங்கள்: தீர்ப்பான கடனுக்கு 30 நாள் தவணை, கட்டாவிட்டால் கடன் வாங்கியவனைச் சங்கிலியில் பூட்டலாம், 60 நாள் வைத்திருந்து மூன்று சந்தை நாட்களில் வெளியே கொண்டுவந்து தொகையைக் கூவ வேண்டும், யாரும் மீட்காவிட்டால் டைபருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்கலாம். இது சீர்திருத்தம் என்று கொண்டாடப்பட்ட சட்டம்!

என் கொள்ளுத்தாத்தா மதராஸில் கப்பல் ஏறும்போதே வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர். ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தூக்கி அந்த முன்பணத்தை அடைத்த கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள். அதனால்தான் அந்தப் பலகைகளை என்னால் பழைய சங்கதியாகப் படிக்க முடியவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கி.மு. 494இல் பிளெபியர் படைவீரர்கள் ஆயுதத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பி, மூன்று மைல் தள்ளி, புனித மலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அடிதடி இல்லை, கொள்ளை இல்லை, 'இனி உங்கள் சண்டைக்கு நாங்கள் வரமாட்டோம்' என்பதுதான். அதில் கிடைத்ததுதான் டிரிபியூன் பதவி. பிளெபியரே தேர்ந்தெடுக்கும் ஆள், அவர்மேல் கை வைத்தவனைக் கொல்லலாம் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள், கான்சலே யாரையாவது இழுத்துக்கொண்டு போனால்கூட டிரிபியூன் குறுக்கே நின்று தடுக்கலாம். அந்தப் பெண்ணிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஏழைக்கு முதலில் ஏதாவது கிடைத்தது இந்த 494இல்தான்.

டல்லா தம்பி:
அண்ணே, ஒரு சந்தேகம். பணமும் பதவியும் அவர்களிடம்தானே இருந்தது, வெளியே போனவர்களைப் போகட்டும் என்று ஏன் விடவில்லை?

மௌல்மீன்காரன்:
தம்பி, படையே அவர்கள்தானே. ஈக்வி, வோல்ஸ்கி, சபைன் என்று சுற்றிலும் எதிரி, எவன் எப்போது வருவான் என்று தெரியாது. மதில்மேல் நிற்க ஆள் இல்லாமல் செனட் மட்டும் உட்கார்ந்து என்ன செய்யும்?

பெகு அக்கா:
மௌல்மீன் தம்பிக்கு ஒரு வார்த்தை. மேஸ்திரி கதையை நீங்கள் சொன்னதும் நம் ஆட்கள் அடுத்து செட்டியார் கடனையும் இழுப்பார்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல், 1938க்குள் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது உண்மை. அங்கே போனது நிலம், ரோமில் போனது ஆள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே புரியாமல் போகும்.

பிளெபியர் எல்லோரும் ஏழை என்றும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அவர்களில் நல்ல வசதிக்காரர்கள் உண்டு, அவர்களுக்கு வேண்டியது பதவியும் சம்பந்தமும். கி.மு. 445இல் பட்ரீசியர் வீட்டில் பெண் கொடுக்க, எடுக்கச் சட்டம் வந்தது, 367இல் கான்சல் பதவியில் ஒன்று அவர்களுக்குத் திறந்தது. ஏழைக்கு வேண்டியது கடன் தீர்வு. அதே 367 சட்டத்தில் கட்டிய வட்டியை முதலில் கழித்து மீதியை மூன்று வருடத்தில் கட்டலாம் என்று வந்தது, ஆனால் உடம்பை அடமானம் வைக்கும் முறை ஒழிந்தது கி.மு. 326இல் என்று லிவி சொல்கிறார். ராஜா போய் 183 வருடம்! அதற்குப் பிறகும் கடன் தொல்லையால் பிளெபியர் இன்னொரு முறை ஊரைவிட்டு வெளியேறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜானிகுலம் குன்றில் போய் உட்கார்ந்தார்கள், அதன் பிறகுதான், கி.மு. 287 வாக்கில், பிளெபியர் சபை போடும் தீர்மானம் எல்லோரையும் கட்டும் என்று ஆனது.

தட்டோன் வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. 'அன்றிலிருந்து மக்களாட்சி' என்று நான் சொன்னது தவறு என்று வகுப்பில் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் 193 புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி, 98ஐ ஒரு பக்கம் ஒதுக்கி ஓட்டுப்போட வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இப்போதே பொறுக்க ஆரம்பித்தாயிற்று, 140 வரை தேறியிருக்கிறது. மௌல்மீன் தம்பி, மூன்று சந்தை நாள் என்றீர்களே, அவர்களுக்கு எத்தனை நாளுக்கு ஒரு சந்தை?

மௌல்மீன்காரன்:
நம் கணக்கில் எட்டு நாளுக்கு ஒரு முறை, வாத்தியாரே.