பொருள்: நாளமில்லாச் சுரப்பியியலா, அகச்சுரப்பியலா?

நண்பர்களுக்கு வணக்கம். ஹார்மோன் சுரப்பு பற்றிய மருத்துவத் துறையான எண்டோகிரினாலஜிக்கு 'அகச்சுரப்பியல்' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பள்ளிப் பாடநூலிலேயே 'நாளமில்லாச் சுரப்பி' இருக்கும்போது எண்டோகிரினாலஜிக்குப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் தேர்வில் அதைத்தான் எழுதினேன். ஆனால் போன மாதம் அம்மாவைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். அவருக்குச் சர்க்கரை, கூடவே தைராய்டு. நான் சீட்டுப் போட வரிசையில் நின்ற நேரத்தில், பலகையில் 'நாளமில்லாச் சுரப்பியியல் பிரிவு' என்று படித்துவிட்டு அம்மா அதைத் தாண்டிப் போய்ப் பொது மருத்துவப் பிரிவில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால், "நாளம்னா ரத்தக் குழாய்தானே? எனக்குச் சுகர்தானே இருக்கு" என்றார். முறை தவறிப்போய் ஒரு மணி நேரம் வீணானது.

அம்மா படித்ததில் பிழை இல்லை. நாளம் என்றாலே நமக்கு இரத்த நாளம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சுரப்பிகளோ தாம் சுரப்பதை நேரே இரத்தத்தில் விடுபவை. அப்படியிருக்க 'நாளமில்லா' என்றால், இரத்தத்தோடு தொடர்பே இல்லாதவை போலத் தொனிக்கிறது.

இன்னொரு சிக்கல் கணையத்தில் இருக்கிறது. கணையத்துக்கு நாளம், அதாவது சுரப்பதை வெளியே கொண்டுபோகும் குழாய், உண்டு. செரிமான நீர் அதன் வழியாகத்தான் சிறுகுடலுக்குப் போகிறது. அதே கணையத்துக்குள் திட்டுத் திட்டாக இருக்கும் செல்கள் இன்சுலினை இரத்தத்தில் விடுகின்றன. ஓர் உறுப்புக்கு இரண்டு வேலை. இந்த மருத்துவரைத் தேடி வருகிறவர்களில் பலருக்கு இருப்பது நீரிழிவு; அந்த நோய்க்கே சொல் சரியாகப் பொருந்தவில்லை என்றால் எப்படி?

அதனால்தான் உறுப்பை விட்டுவிட்டு, நடக்கும் வேலைக்குப் பெயர் வைக்கலாம் என்கிறேன்: அகச்சுரப்பு. உடலுக்குள்ளேயே, இரத்தத்திலேயே சுரப்பது. துறை அகச்சுரப்பியல், மருத்துவர் அகச்சுரப்பு மருத்துவர். 'அகச்சுரப்பியியல்' வேண்டாம், அது மறுபடி சுரப்பியிடமே போய் நிற்கிறது. 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் கண்டறிந்த செக்ரிட்டின் என்ற ஹார்மோன் சிறுகுடலின் உட்சுவரில் சுரப்பது. குடலை யாரும் நாளமில்லாச் சுரப்பி என்பதில்லையே.

> இயக்குநீர் என்ற சொல் இருக்கிறதே, 'இயக்குநீரியல்' போதாதா?

ஹார்மோனுக்கு இயக்குநீர் அருமையான சொல். 1905-இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, 'தூண்டி இயக்கு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்துதான் எடுத்தார். ஆனால் 'இயக்குநீர் மருத்துவர்' என்று பலகையில் எழுதினால் பத்தில் ஐந்து பேர் 'இயக்குநர்' என்று படித்துவிட்டு மேலதிகாரி அறை என நினைப்பார்கள். கட்டுரையில் இயக்குநீர் இருக்கட்டும், பலகைக்கு வேண்டாம்.

'அகச்சுரப்பு மருத்துவர்' என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "உள்ளுக்குள்ள சுரக்கிறதைப் பார்க்கிறவரா?" என்று கேட்டார். பலகையில் இதைப் பெரிதாக எழுதி, அடியில் 'சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன்' என்றும் சேர்த்தால் சரியாக இருக்கும். சுரப்பு மிகுவதற்கும் குறைவதற்கும் 'மிகைச்சுரப்பு', 'குறைச்சுரப்பு' என்று வைக்கலாமா? 'குறைச்சுரப்பு' எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. 'குறைசுரப்பு' என்று ஒற்று இல்லாமல் எழுதலாமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.