எஃப்-இல் முடியும் சொற்களின் பன்மை: ரூஃப் மட்டும் ஏன் அடங்கவில்லை?

ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலப் பன்மை நடத்துகிறேன். மூன்று வாரமாக எஃப், எஃப்இ-யில் முடியும் சொற்களைத் தாண்ட முடியவில்லை.

நைஃப் நைவ்ஸ், லீஃப் லீவ்ஸ் வரை பிழையில்லை. அதே வேகத்தில் ரூஃப், சீஃப், புரூஃப் எல்லாவற்றிலும் எஃப்-ஐ எடுத்துவிட்டு விஇஎஸ் போடுகிறார்கள். பிலீஃப்தான் ரொம்ப மோசம்: 'பிலீவ்ஸ்' என்று எழுதியதும் பெயர்ச்சொல் வினைச்சொல்லாகி, வாக்கியமே குழம்பிவிடுகிறது.

மாறும் சொற்களை மட்டும் பட்டியலாகக் கொடுத்துப் பார்த்தேன்: நைஃப், லைஃப், வைஃப், லீஃப், தீஃப், லோஃப், ஹாஃப், காஃப், ஷெல்ஃப், செல்ஃப், வுல்ஃப். தேர்வில் பதினொன்றும் சரி; கட்டுரை எழுதும்போது பழைய தவறு திரும்பிவிடுகிறது. இரட்டை எஃப் வந்தால் எஸ் மட்டும் (கிளிஃப்ஸ்) என்பது நன்றாகப் பதிந்துவிட்டது.

பிறகு காரணம் சொன்னேன். பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்த எஃப், வி-யாக ஒலித்தது. நைவ்ஸ் அதன் மிச்சம். சீஃப் பிரெஞ்சு வழியாகப் பின்னால் வந்தது, அதனால் மாறவில்லை. பிள்ளைகளுக்கு இது பிடித்தது. ஆனால் ரூஃப் பழைய ஆங்கிலச் சொல்லேதான், விளக்கம் அங்கே உடைகிறது. உச்சரிப்பையும் நம்ப முடியாது: ரூஃப்ஸ் என்று எழுதிவிட்டு 'ரூவ்ஸ்' என்று சொல்பவர்களும் உண்டு. ஸ்கார்ஃப், ஹூஃப் இரண்டு வடிவமும் ஏற்பவை என்பதால் இப்போதைக்குத் தொடவில்லை.

சொந்தமாக எழுதும்போதும் ரூஃப்ஸ், பிலீஃப்ஸ் கையில் சரியாக வர, உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?